முதுகில் ஓர் ஊசி: இரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது?

தரையில் நெடுநேரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்திருக்கிறீர்கள். கண் முன்னே ஒரு கணம் இருள் கவிகிறது. தலை இலேசாகச் சுற்றுகிறது. சுவரைப் பிடித்துக்கொள்கிறீர்கள். நான்கைந்து விநாடிகளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. இது ஏன் நேர்ந்தது, எப்படித் தானாகவே சரியாயிற்று என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நாம் எழுந்து நிற்கும்போது, புவியீர்ப்பினால் இரத்தத்தின் ஒரு பகுதி கால்களின் சிரைகளில் இறங்கித் தங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. மூளைக்கு ஏறிச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் தாழ்கிறது. உடனே உடலின் காவற்காரர்கள் விழித்துக்கொள்கிறார்கள். இவர்களுக்குப் ‘பரிவு நரம்புகள்’ என்று பெயர். இவை இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கின்றன. அழுத்தம் மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. உங்கள் தலைச்சுற்றல் நிற்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாகப் படுத்திருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, ஒரு நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல எழுந்து நின்று மறுபடியும் எண்ணுங்கள். துடிப்பு கூடியிருக்கும். காவற்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

சரி, இந்தக் காவற்காரர்களைச் சில மணி நேரம் தூங்க வைத்துவிட்டால் என்ன ஆகும்? சிசேரியன் அறுவை நடக்கும்போது கிட்டத்தட்ட இதுதான் நேர்கிறது. 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன் முறையில் நடந்தவை. எனவே இது நம் ஒவ்வொரு வீட்டையும் தொடும் செய்தி.

குழாயும் மடையும்

முதலில் இரத்த அழுத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடுங்கள். தண்ணீர் சீறிக்கொண்டு தூரத்தில் போய் விழுகிறது. விரலை எடுத்துவிட்டால் காலடியிலேயே கொட்டுகிறது. மோட்டாரின் வேகம் மாறவில்லை, தடைதான் மாறியது. ஆக, குழாயில் உள்ள அழுத்தம் இரண்டைப் பொறுத்தது: ஒன்று, மோட்டார் தள்ளும் தண்ணீரின் அளவு, மற்றொன்று, குழாய் தரும் தடை. இரண்டையும் பெருக்கினால் வருவதே அழுத்தம். உடலில் மோட்டார் என்பது இதயம். தடை தருபவை நுண்ணிய தமனிகள்.

இன்னொரு காட்சியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. வழியில் உள்ள மடைகளையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், தலைமடை வயல்களில் தண்ணீர் பரந்து நிற்கும். கடைமடை வயலோ காய்ந்துபோகும். மடைகளை அளவாகத் திறந்து மூடுகிறவர் இருந்தால்தான் எல்லா வயலுக்கும் தண்ணீர் சேரும். உடலில் அந்த வேலையைச் செய்பவை பரிவு நரம்புகள்.

இரண்டு மில்லிலிட்டர் மருந்து

இப்போது அறுவை அறைக்குள் போவோம். முழு மயக்கம் கொடுக்காமல், உடலின் கீழ்ப்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்யும் முறை ஒன்று உண்டு. முதுகெலும்பின் அடிப்பகுதியில், இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியை நுழைத்து, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரில் மருந்தைச் செலுத்துவார்கள். ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால்போல நரம்பிழைகள் மட்டுமே நீரில் தொங்குகின்றன. ஊசி அங்கே நுழையும்போது இழைகள் விலகிக்கொள்கின்றன.

இந்த முறையில் முதன்முதலாக அறுவை செய்தவர் ஆகஸ்ட் பியர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். கீல் நகரில் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொக்கெய்ன் மருந்தை அவர் பயன்படுத்தினார். சில நாள் கழித்து, அவரும் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டும் தங்கள் உடம்பிலேயே இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். பியருக்கு ஊசி போட்டபோது பீச்சுகுழலும் ஊசியும் சரியாகப் பொருந்தாமல் மருந்து சிந்திவிட்டது. பிறகு ஹில்டபிராண்டுக்குப் போட்டார்கள். அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் சுத்தியலால் அடித்தும், சுருட்டு நெருப்பால் சுட்டும் பார்த்தார்கள். அவருக்கு வலிக்கவே இல்லை! அடுத்த சில நாட்கள் இருவரும் தலைவலியால் அவதிப்பட்டார்கள் என்பது வேறு கதை.

இன்று பியூப்பிவக்கெய்ன் என்னும் மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். அளவு ஏறத்தாழ இரண்டு மில்லிலிட்டர்தான். அரைத் தேக்கரண்டிகூட இல்லை. அதில் குளுக்கோஸ் சர்க்கரை கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனமானது. தண்ணீரில் விட்ட தேன் பள்ளத்தை நோக்கி இறங்குவதுபோல அதுவும் இறங்கும். படுக்கையின் சாய்வைக் கொண்டு மருந்து எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதை ஓரளவு கட்டுப்படுத்தலாம்.

தாய் விழித்திருக்கிறாள், தானே மூச்சு விடுகிறாள், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறாள். குழந்தைக்குப் போய்ச் சேரும் மருந்தும் மிகக் குறைவு. இவ்வளவு நன்மைகள் இருப்பதால்தான் உலகெங்கும் பெரும்பாலான சிசேரியன்களுக்கு இந்த முறையையே விரும்புகிறார்கள். ஆனால் ஒரு தொல்லை உண்டு.

மடைகள் திறந்துகொள்கின்றன

கீறல் போடுவது அடிவயிற்றில். ஆயினும் வயிற்றின் உள்சவ்வுக்கும் உறுப்புகளுக்கும் உரிய நரம்புகள் தண்டுவடத்தில் மிக உயரமான இடங்களில் போய்ச் சேர்கின்றன. எனவே ஏறக்குறைய மார்பின் நடு உயரம் வரை மரத்துப்போக வேண்டும். பரிவு நரம்புகளும் மார்பு, மேல் இடுப்புப் பகுதிகளில்தான் தண்டுவடத்திலிருந்து வெளிவருகின்றன. வலியைத் தடுக்கும் அதே மருந்து இவற்றையும் தடுத்துவிடுகிறது. வலி நரம்பு எது, பரிவு நரம்பு எது என்று மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது அல்லவா?

மடை மூடுகிறவர் தூங்கிப்போனார். நுண்தமனிகள் விரிகின்றன, தடை குறைகிறது. கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளும் தளர்ந்து, அவற்றில் இரத்தம் தேங்குகிறது. மருந்து இன்னும் மேலே பரவினால் இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளும் அடங்கிவிடும். ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. தடுப்பு நடவடிக்கை எதுவும் இல்லையென்றால், பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது நேரும்.

முதலில் தாய்க்குத் தெரிவது குமட்டல். மூளையின் அடிப்பகுதிக்கு இரத்தம் குறைவதன் அறிகுறி அது. தலைச்சுற்றல், கொட்டாவி, மயக்கம் வருவது போன்ற உணர்வு ஆகியவையும் தோன்றலாம். கவனியாமல் விட்டால் நினைவு தப்பவும் கூடும்.

கடைமடையில் குழந்தை

தாயின் மூளைக்கு ஒரு வசதி உண்டு. அழுத்தம் சற்றுக் குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் தாமே விரிந்து தமக்கு வேண்டிய பங்கைப் பெற்றுக்கொள்ளும். கருப்பைக்கு அந்த வசதி இல்லை. நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் அங்கே பாய்கிறது. அதற்காக அதன் குழாய்கள் ஏற்கெனவே முழுவதும் விரிந்துதான் இருக்கின்றன. இனி விரிய இடமில்லை. எனவே தாயின் அழுத்தம் இறங்கினால் கருப்பைக்குப் போகும் இரத்தமும் அதற்கேற்பக் குறைந்துவிடும். நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் பெறும் குழந்தை, கடைமடை வயலைப்போலக் காத்துக் கிடக்கும்.

குழந்தை சிரமப்பட்டதா என்பதை எப்படி அறிவது? பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து அதன் அமிலத் தன்மையை அளக்கிறார்கள். வேகமாக ஓடிய பிறகு உங்கள் தசைகளில் லாக்டிக் அமிலம் சேருகிறதல்லவா? ஆக்சிஜன் போதாத குழந்தையின் உடலிலும் அவ்வாறே அமிலம் சேரும். அந்தச் சில துளி இரத்தம், கருப்பைக்குள் கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடும். இந்த அளவீடு பின்னால் ஒரு பெரிய வழக்கைத் தீர்த்து வைக்கப் போகிறது. அதற்குமுன் வேறு இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

எப்படிப் படுக்க வைப்பது?

குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், கருப்பை எல்லாம் சேர்ந்து நிறைமாதத்தில் ஐந்து கிலோகிராம் அளவுக்கு இருக்கும். தாய் மல்லாந்து படுத்தால் இந்தப் பளு முதுகெலும்பை ஒட்டியுள்ள கீழ்ப் பெருஞ்சிரையின்மேல் விழுகிறது. கால்களிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய குழாய் அதுதான். மெல்லிய சுவர் கொண்டதால் அது எளிதில் நசுங்கிவிடும். முதுகு ஊசியால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் உடலுக்கு இது இரட்டை அடி.

இந்தச் சிரை முதுகெலும்பின் வலப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே தாயை இடப்பக்கம் சாய்த்தால் பளு விலகும். வலது இடுப்பின் அடியில் ஆப்பு வடிவத் தலையணை ஒன்றை வைத்து 15 பாகை சாய்ப்பது பல ஆண்டுகளாக உலகெங்கும் வழக்கமாயிற்று.

15 பாகை போதுமா? 2015-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நிறைமாதத் தாய்மார்களை வெவ்வேறு கோணங்களில் சாய்த்துக் காந்தப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 15 பாகைச் சாய்வில் சிரை பெரிதாகத் திறக்கவில்லை. 30 பாகையில்தான் ஓரளவு திறந்தது. கோணமானி ஒன்றை எடுத்து 30 பாகை எவ்வளவு என்று பாருங்கள். அவ்வளவு சாய்ந்த படுக்கையில் அறுவை செய்வது எளிதன்று. எனவே சாய்ப்பது உதவும், ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று.

நீர் ஏற்றினால் போதுமா?

குழாய்கள் விரிந்துவிட்டன; கொள்ளிடம் கூடிவிட்டது. அப்படியானால் முன்கூட்டியே உப்பு நீரைச் சிரை வழியே ஏற்றி நிரப்பிவிடலாமே? நல்ல யோசனையாகத்தான் தோன்றுகிறது. பல ஆண்டுகள் அப்படியே செய்தும் வந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்து 1993-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். முன்கூட்டி நீர் ஏற்றப்படாத தாய்மார்களில் நூற்றுக்கு 71 பேருக்கு அழுத்தம் இறங்கியது. நீர் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு இறங்கியது. பயன் இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களை அது காப்பாற்றவில்லை.

காரணம் என்ன? உப்பு நீர் இரத்தக் குழாய்களுக்குள் நெடுநேரம் தங்குவதில்லை. நுண்குழாய்ச் சுவர்களைக் கடந்து திசுக்களுக்குள் கசிந்துவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் முன்னிரவே நீர் நிறைத்து வைத்தால் காலையில் பயன்படுமா? ஆகவே இன்று ஊசி போடும் அதே நேரத்தில், குழாய்கள் விரியும் அந்தச் சில நிமிடங்களில், நீரை வேகமாக ஏற்றுகிறார்கள். கால்களில் மீள்துணிப் பட்டைகளை இறுகச் சுற்றி அங்கே இரத்தம் தேங்காமல் செய்வதும் ஓரளவு உதவுகிறது.

ஆடு சொன்னதும் தாய் சொன்னதும்

மீதமிருக்கும் வழி, தூங்கிவிட்ட காவற்காரரின் வேலையை மருந்து கொண்டு செய்வது. எந்த மருந்து? இங்கேதான் சுவையான வழக்கு ஒன்று எழுந்தது.

எபிட்ரின் என்பது ஒரு செடிச் சரக்கு. சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த எபிட்ரா செடியிலிருந்து, 1885-ஆம் ஆண்டு ஜப்பானியரான நகாய் நகயோஷி இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். இது இதயத்தையும் விரைவுபடுத்தும், குழாய்களையும் சுருக்கும். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சினை ஆடுகளுக்குப் பல மருந்துகளைக் கொடுத்து, கருப்பைக்குப் போகும் இரத்தத்தை அளந்தார்கள். குழாய்களை மட்டும் சுருக்கும் மருந்துகள் கருப்பையின் இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிட்டன. எபிட்ரினோ பெரிதாகக் குறைக்கவில்லை. அப்புறம் என்ன! சிசேரியனுக்கு எபிட்ரின்தான் ஏற்றது என்று முடிவாயிற்று. குழாய் சுருக்கும் வகையைச் சேர்ந்த பினைலெஃப்ரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டது.

ஆனால் 1980-களின் இறுதியிலிருந்து சில மருத்துவர்கள் தாய்மார்களுக்குப் பினைலெஃப்ரினைக் கவனமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குத் தீங்கு தெரியவில்லை. ஹாங்காங்கில் வார்விக் ஙான் கீயும் அவருடைய குழுவினரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தொப்புள்கொடி இரத்தம் சாட்சி சொன்னது: எபிட்ரின் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம்தான் அமிலம் கூடுதலாக இருந்தது! 2009-ஆம் ஆண்டு காரணமும் தெளிவாயிற்று. எபிட்ரின் நஞ்சுக்கொடியை எளிதில் கடந்து குழந்தையைச் சேர்கிறது. அங்கே குழந்தையின் உடலையும் முடுக்கிவிடுகிறது. முடுக்கிவிட்ட உடல் ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடுகிறது; அமிலம் சேர்கிறது. பினைலெஃப்ரின் அவ்வளவாகக் கடப்பதில்லை.

அப்படியானால் ஆட்டில் கண்டது பொய்யா? இல்லை. ஆட்டில் அளந்தது கருப்பைக்குப் போகும் இரத்தத்தை. தாயிடம் அளந்தது பிறந்த குழந்தையின் நிலையை. நாம் அறிய விரும்பியது இரண்டாவது. அளந்து வைத்திருந்ததோ முதலாவது. எதை அறிய வேண்டுமோ அதையே அளக்க வேண்டும் என்பது இந்த வழக்கின் பாடம். ஒன்றையும் மறக்கக் கூடாது: எபிட்ரின் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறந்தார்கள். ஆனால் ஏற்கெனவே நலிந்திருக்கும் குழந்தைக்குச் சிறு வேறுபாடும் பெரிதாகிவிடலாம்.

பினைலெஃப்ரினுக்கும் ஒரு குறை உண்டு. குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறியதும், கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் ‘போதும்’ என்று செய்தி அனுப்ப, இதயத் துடிப்பு குறைந்துவிடுகிறது. இதனால் நம் உடலே சுரக்கும் நார்அட்ரினலினை மிகச் சிறு அளவில் கொடுக்கலாமா என்று 2015 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். அது இதயத்தையும் சிறிது தூண்டுவதால் துடிப்பு அவ்வளவாகக் குறைவதில்லை.

விழுந்தபின் தூக்குவதா, விழாமல் பிடிப்பதா?

முன்பெல்லாம் அழுத்தம் இறங்கிய பிறகு மருந்து கொடுப்பார்கள். 2018-ஆம் ஆண்டு பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை வேறு விதமானது: ஊசி போட்ட உடனேயே பினைலெஃப்ரினைச் சொட்டுச் சொட்டாகத் தொடங்கிவிடுங்கள், விழும்வரை காத்திராதீர்கள். அளவு நிமிடத்திற்கு 25 முதல் 50 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! இதைச் சீராகச் செலுத்துவதற்கென்றே மின்சாரத்தால் இயங்கும் பீச்சுகுழல் இயந்திரம் இருக்கிறது. அது இல்லாத மருத்துவமனைகளில் சிறு சிறு அளவாகக் கையால் கொடுப்பார்கள்.

குறிக்கோளையும் எண்ணில் வகுத்திருக்கிறார்கள். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், அறுவைக்கு முன் இருந்ததில் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 80 விழுக்காட்டைத் தொடவே கூடாது. முன்பு 120 மில்லிமீட்டர் பாதரசம் இருந்த தாய்க்கு இந்த எல்லைகள் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்: 108, 96. முன்பு 100 இருந்தவருக்கு? 90, 80. எனவேதான் ஊசிக்கு முன்பே அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். அளவு தெரியாமல் இறக்கம் தெரியாது. ரிவா-ரோச்சி என்னும் இத்தாலியர் 1896-ஆம் ஆண்டு உருவாக்கிய கைப்பட்டையின் வழிவந்த கருவிதான் இன்றும் தாயின் கையில் கட்டப்படுகிறது. ஊசி போட்டபின் அது நிமிடத்துக்கு ஒருமுறை தானே காற்றடைத்து அளக்கிறது.

ஆனால் எந்தக் கருவிக்கும் முன்னதாகச் செய்தி சொல்லக்கூடியவர் ஒருவர் அந்த அறையில் இருக்கிறார். அவர் விழித்திருக்கும் தாய். கருவி அடுத்த நிமிடத்தில் காட்டப்போவதை அவருடைய குமட்டல் இந்த நிமிடமே சொல்லிவிடும். சிரமம் கொடுக்கக் கூடாது என்று பல தாய்மார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ சித்திக்கோ இத்தகைய அறுவை நடக்கவிருந்தால், நீங்கள் அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: “குமட்டினாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ, உடனே தலைமாட்டில் இருக்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.” எதனால் அப்படி என்று அவர் கேட்டால், மடையையும் கடைமடையையும் பற்றி நீங்கள் விளக்கலாம்.